எண்ணெய்ப் பிசுக்கும் பொருநை நீரும்

நெல்லைச் சீமை நெல்லுக்கும் நெசவுக்கும் மட்டுமே பெயர் பெற்றிருந்த காலம் கடந்துவிட்டது. கங்கைகொண்டானில் டயரும் சூரிய மின்கலமும் உற்பத்தியாகின்றன. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. நாம் மகிழ்கிறோம். ஆனால் பெரிய ஆலையாயினும், சந்தில் ஒடுங்கிய லேத்துப் பட்டறையாயினும், உலோகத்தின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் வேலை எங்கும் உண்டு. அது போகாவிடில் பெயிண்டு ஒட்டாது, முலாம் பிடிக்காது. இதற்கு எந்தத் திரவத்தை எடுப்பது என்பதைப் பலர் விலையைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். இது பெரும் பிழை என்பது நமது அபிப்பிராயம்.

முன்பு கார்பன் டெட்ராகுளோரைட் இந்நாடெங்கும் வழங்கிற்று. துணி மில்களில் கறை எடுக்கவும் அதுவே உதவிற்று. அது ஓஸோன் படலத்தை அழிப்பது தெரிந்து, மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, 2010 பிறந்தபோது இவ்வுபயோகம் இங்கே நிறுத்தப்பட்டது. உடனே பல பட்டறைகள் டிரைகுளோரோஎதிலீனைப் பிடித்துக்கொண்டன. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அதற்கும் குணமில்லாமலில்லை. எளிதில் தீப்பற்றாது, 87 டிகிரியில் கொதித்து எழும் ஆவி, குளிர்ந்த உலோகத்தில் படிந்து, பிசுக்கைக் கரைத்துக்கொண்டு சொட்டிவிடும். வேலை சுத்தம், தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்கோ மதுவருந்தாமலே மயக்கம்! இது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய யூனியன் 2016 ஏப்ரலுக்குப் பின் விசேஷ அனுமதியின்றி இதை உபயோகிக்கலாகாது என்றது. அமெரிக்க ஸர்க்காரும் 2024 டிசம்பரில் தடையாணை பிறப்பித்தது.

இத்திரவம் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கொல்லையில் கொட்டினால் மணலினூடே இறங்கி, ஊற்றுக்கும் அடியில் போய்த் தங்கும், பல்லாண்டு அகலாது. தாமிரபரணி மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து குடிதண்ணீர் பெறும் ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ? அமெரிக்காவில் காம்ப் லெஜூன் என்னும் ராணுவ முகாமில் 1953 முதல் 1987 வரை இத்தகைய திரவங்கள் கலந்த தண்ணீரைச் சிப்பாய்களும் அவர்தம் குடும்பத்தாரும் குடித்தார்கள். நஷ்டஈடு கோரி வழக்கிட வழிவகுக்கும் தனிச் சட்டம் அவர்களுக்கு 2022-இல்தான் கிடைத்தது. நாம் வக்கீல் தொழிலை அறிந்தவர்கள். சட்டம் வரும்போது கட்சிக்காரர் இருப்பதில்லை.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது? பிசுக்கு என்ன, உலோகம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். பட்டறை எண்ணெயில் பெரும்பகுதி காரம் கலந்த வெந்நீருக்கே போய்விடும். அலுமினியத்தைக் கடுங்காரம் அரிக்குமாதலால் அங்கே மிதமான காரம் வேண்டும். கழுவிய நீரையும் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடலாகாது. பொருளையும் உலர்த்தியாக வேண்டும். சிரமந்தான். மெழுகு, கீல் போன்றவற்றுக்கு வேறு திரவம் தேவையானால், ஆவி வெளியேறாதபடி மூடிய யந்திரத்தில் செய்து, திரவத்தை வடித்தெடுத்து மீண்டும் உபயோகிக்கலாம். பெட்ரோலில் கழுவுவது எவ்வகையிலும் தகாது. தீயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள பென்ஸீன் ரத்தத்தையே கெடுப்பது.

மூடிய யந்திரம் சிறு முதலாளிக்கு எட்டாது என்பார்கள். உண்மை. ஆகவே தொழிற்பேட்டைதோறும் பொதுக் கழுவுசாலை ஒன்றை ஸர்க்கார் அமைத்துக் கூலிக்கு நடத்தட்டும். கழிவுத் திரவத்தையும் அங்கேயே பெற்றுக்கொள்ளட்டும். பீப்பாயில் இருப்பது இன்னதென்று தமிழில் எழுதி ஒட்ட எந்த முதலாளிக்கும் பணமுடை இராது. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, அபாயத்தைத் தொழிலாளிக்கு அறிவிப்பது கடமையாக்கப்பட்டது. தொழிற்சங்கத்தார் அடுத்த போனஸ் பேச்சுக்குப் போகும்போது, பீப்பாயின் பெயரையும், கழிவு எங்கே போகிறதென்பதையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கட்டும்.