துப்பாக்கி யாருக்குக் காவல்?

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்று செய்தி வந்தால், குடவாசல் கடைத்தெருவிலும் அன்று அதுதான் பேச்சு. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியானார்கள். 2022-ல் டெக்சாஸைச் சேர்ந்த உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த தேசத்து ஆட்சியாளர்கள் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தாதது ஏன் என்று ஜனங்கள் கேட்கிறார்கள்.

அடுத்த வீடான கனடாவும் இதைத்தான் கேட்கிறது. அங்கும் வேட்டைக்காரர்கள் உண்டு, துப்பாக்கியும் உண்டு. ஆனால் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. 1989-ல் மாண்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின் மூண்ட ஜனங்களின் கோபம், 1995-ல் சட்டமாயிற்று. 2020-ல் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட ரகத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. ஆனால் அந்தக் கொலைகாரன் கையிலிருந்த துப்பாக்கிகளில் பல, அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை! சட்டம் எல்லையோடு நின்றுவிடுகிறது. துப்பாக்கி எல்லை தாண்டி வருகிறது. இதுவே கனடா மக்களின் மனக்குறை.

அமெரிக்க முதலாளிகள் இதற்குச் சூட்டியிருக்கும் பெயர் சுதந்திரம். 1791-ல் அரசியல் சட்டத்தில் எழுதிய உரிமை என்கிறார்கள். யாருக்கு உரிமை? அடிமையாய்க் கிடந்த நீக்ரோ மக்கள் ஆயுதம் தொடக்கூடாது என்று தென் மாநிலங்கள் சட்டம் போட்டன. இங்கே 1878-ல் வெள்ளை சர்க்கார் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்றது. இரண்டும் ஒரே நியாயம்தான்! இன்றோ லாபம் காவல் நிற்கிறது. துப்பாக்கிக் கம்பெனிகள் மீது பாதிக்கப்பட்டவர்கள் எளிதில் வழக்குத் தொடர முடியாதபடி 2005-ல் சட்டமே செய்து கொடுத்தார்கள்.

இதைக் கேட்ட ஒரு வாலிபர் நம்மிடம் கேட்டார்: "வெண்மணியில் நம்மவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால்?"

கேட்க வேண்டிய கேள்விதான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, மிராசுதார்களும் அடியாட்களும் துப்பாக்கிகளோடு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேரைத் தீயிட்டுக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். நாகை நீதிமன்றம் 1970-ல் தண்டித்தவர்களை, பெரிய மனிதர்கள் இப்படி நேரில் வந்து செய்திருப்பார்களா என்று சந்தேகம் எழுப்பி, 1973-ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆனால் வாலிபரே, யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியைக் கடைச்சரக்காக்கினால் ஆட்டை விற்று நாம் ஒன்று வாங்குவதற்குள், நெல்லை விற்று அவர்கள் பத்து வாங்குவார்கள். நம் கையில் இருப்பது குற்றமாகும். அவர்கள் கையில் இருப்பது தற்காப்பாகும். தீர்ப்பு எழுதியவர்களுக்குப் பெரிய மனிதர்கள் யார் என்பதை 1973-லேயே பார்த்துவிட்டோம்.

சாணிப்பாலையும் சவுக்கடியையும் இந்தத் தஞ்சை மண்ணிலிருந்து விரட்டியது துப்பாக்கியல்ல. தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் சேரி சேரியாய் நடந்து கட்டிய சங்கம் விரட்டியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், வெண்மணிக்குப் பின் 1969-ல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது அந்த ஒற்றுமையால்தான். சங்கம் அந்த 44 உயிரைக் காப்பாற்றவில்லை. அந்த வேதனையை மறைக்க நமக்கு மனமில்லை. ஆனால் அந்த இரவு கற்பித்த பாடம், ஏழைக்கும் ஒரு துப்பாக்கி என்பதல்ல. பெரிய இடத்துத் துப்பாக்கியைப் பிடுங்கு என்பதே!

எனவே நாம் கேட்பது இது: ஜாதி மோதலிலும் கூலித் தகராறிலும் மிரட்டியவர்களின் உரிமங்களைக் கலெக்டர் ரத்து செய்யட்டும். ஒவ்வொரு ஊரிலும் யார் யாருக்குத் துப்பாக்கி உரிமம் உண்டு என்று கிராமசபையில் வாசிக்கட்டும். பயிரைக் காக்கவென்று சட்டம் துப்பாக்கிக்கு இடம் கொடுத்திருக்கிறது. அது பயிரை நட்டவனை நோக்கித் திரும்பாமல் பார்ப்பது சர்க்காரின் கடமை. விடாமல் கேட்பது நம் கடமை.