குடும்பப் பெயர் கேட்கும் கட்டம்

2022 நவம்பர் 21ஆம் தேதி முதல், பாஸ்போர்ட்டில் பெயருக்கென ஒதுக்கிய இரண்டு வரிகளில் ஒன்று வெறுமையாய் இருக்கும் பிரயாணியை, அவர் விசிட் விசா முதலிய தற்காலிக விசாக்களில் வருபவராயின், ஐக்கிய அரபு அமீரகம் தன் எல்லைக்குள் ஏற்காது என்றும், ஏறி வந்தவர் ஐ.என்.ஏ.டி. (நுழைவு மறுக்கப்பட்ட) பிரயாணியாகவே கருதப்படுவார் என்றும் விமான நிறுவனங்கள் விடுத்த சுற்றறிக்கை, இவ்விதழின் வாசகர் அனைவர் மேசைக்கும் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். சில தினங்களுக்குள்ளாகவே, தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் காணப்படுமானால் தடையில்லை என்றொரு தளர்வும் வந்தது. இரண்டாம் பக்கம் என்று அதில் குறித்தது, இந்தியப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் அச்சாகும் கடைசிப் பக்கத்தையே என்று நாம் கொள்கிறோம். ரெசிடென்ஸ் உள்ளவர்களுக்கு இத்தடை இல்லையென்றும், ஆனால் அவர்களுடைய பதிவில் ஒரே பெயர் இரண்டு கட்டங்களிலும் ஏறியிருக்க வேண்டுமென்றும் கூறப்பட்டது.

ரெசிடென்ஸ் உள்ளவர்களுக்குத் தடையில்லை என்ற அந்த வாக்கியத்தைப் படித்து, ரெசிடென்ஸ் விசா புதுப்பித்தல் வேலையையே பிரதானமாகச் செய்துவரும் நம் தொழிலர் பலர், இது டிராவல் ஏஜென்டுகளின் தலைவலி, நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று நிம்மதி அடைந்திருக்கிறார்கள். அந்த நிம்மதியை நாம் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. 2022 ஏப்ரல் 11 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நின்று, எமிரேட்ஸ் ஐடி அட்டையே ரெசிடென்ஸுக்கு அத்தாட்சியாகிவிட்ட நிலையில், முன்பு ஒரே புத்தகத்துக்குள் அடங்கியிருந்த பெயரும் விசாவும் இப்போது புத்தகம் ஒன்று, அட்டை ஒன்று என்று பிரிந்து நிற்கின்றன. இரண்டிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று விமான நிலையக் கவுன்டரில் இருப்பவர் ஒப்பிட்டுப் பார்க்கும் அவசியம் புதிதாகப் பிறந்திருக்கிறது. விசிட்டில் வந்து ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்ளும் மனைவி மக்களுக்கோ தடை நேராகவே பொருந்துகிறது. ஆகவே புதுப்பித்தலுக்கு வரும் ஒவ்வொரு ஒற்றைப் பெயர் ஃபைலையும் இனி வேறு கண்கொண்டு பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

வேலை முறையைப் பற்றிய நம் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகவே கூறிவிடுகிறோம். குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும் என்று கட்சிக்காரர் தீர்மானித்தால், அதைப் புதுப்பித்தலுக்கு முன்னரே பாஸ்போர்ட்டில் செய்து முடிக்க வேண்டும். மெடிக்கல் எடுத்து, ஐடிக்கு டைப் செய்து, இன்ஷூரன்ஸ் போட்ட பிறகு நடுவழியில் பாஸ்போர்ட்டை மாற்றப் புகுவது, ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயரை விட்டுவைத்துப் போவதாகவே முடியும். புதிய பாஸ்போர்ட் வந்ததும் அமீரகக் குடியேற்ற அலுவலகமாகிய ஐ.சி.பி.யிலோ, துபாயாயின் ஜி.டி.ஆர்.எஃப்.ஏ.யிலோ ஃபைலின் விவரத்தைத் திருத்தி, வேலை ஒப்பந்தத்தையும் ஒத்திசையச் செய்து, அதன் பின்னரே மற்றவற்றைத் தொடங்குக. பழைய பாஸ்போர்ட்டை எக்காரணத்தாலும் கைவிட வேண்டாம். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவையே.

கட்டத்தில் எதை நிரப்புவது என்பதுதான் கேள்வி. அதை ஒரு ஃபைலை வைத்தே பார்ப்போம். முருகேசன் என்று ஒருவர். பாஸ்போர்ட்டின் முதற்பக்கத்தில் குடும்பப் பெயர் வரி வெறுமை, அதன் கீழ் முருகேசன். கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் வேலாயுதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வே. முருகேசன், சார்பதிவாளர் கொடுத்த திருமணச் சான்றிதழின் ஆங்கிலப் பக்கத்தில் வி. முருகேசன், அமீரகத்துப் பதிவில், யாரோ ஒரு டைப்பிங் சென்டரில் எப்போதோ ஏறிய வண்ணம், முருகேசன் முருகேசன். மனைவி மல்லிகாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராயிருக்கிறது. ஆனால் அவருடைய பட்டச் சான்றிதழ், தந்தையின் தலைப்பெழுத்தோடுதான் வெளியுறவு அமைச்சகத்திலும் அமீரகத் தூதரகத்திலும் அட்டஸ்டேஷன் முடித்து வந்திருக்கிறது. அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேராத நாடாகையால், அந்தச் சங்கிலியை மறுபடி தொடங்குவதென்றால் எத்தனை முத்திரைகள், எத்தனை கூரியர் செலவு என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு காகிதமும் பொய்யன்று; ஒவ்வொன்றும் அந்தந்த அலுவலகத்தின் சம்பிரதாயப்படி மெய்யே பேசுகிறது; எல்லாவற்றையும் ஒரே உறையிலிட்டு நீட்டும்போதுதான் முருகேசன் நான்கு பேராகிவிடுகிறார்.

முருகேசன் முருகேசன் என்னும் இரட்டிப்பை நாம் முற்றிலும் நிராகரிக்கிறோம். கட்டம் நிரம்பினால் போதும் என்னும் அவசரத்தில் நம்மவர் கைக்கொண்ட வழி அது; இப்போது சுற்றறிக்கையும் அதற்கு ஒரு அந்தஸ்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் அரபு நாட்டில் பெயருக்குப் பின் வரும் பெயர் தந்தையின் பெயர் என்றே எவரும் வாசிப்பர். நீதித்துறை அமைச்சக அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அரபியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் காகிதத்தில் நம் கட்சிக்காரர் தம் தகப்பனாரின் பெயரை இழந்து, தமக்குத் தாமே மகனாக நிற்கிறார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து உழைப்பவருக்கு, அவர் பிறந்த வீட்டோடு இருக்கும் தொடர்பைக் காகிதத்திலேனும் காப்பாற்றிக் கொடுப்பது நம் கடமையாகும். ஆகவே தந்தையின் பெயரையே விரித்தெழுதி, வேலாயுதம் என்று குடும்பப் பெயர் வரியில் இட்டு, முருகேசன் வேலாயுதம் ஆக்குக என்பதே நம் ஆலோசனை. தந்தை, பாட்டன் என்று அடுக்கிச் சொல்லும் பெயர்முறை அரபு மக்களுக்கு உரியதேயாகையால், இன்னாருடைய மகன் இன்னார் என்பது அவர்களுக்கு அந்நியமன்று. நம்முடைய தலைப்பெழுத்தும் அதே முறைதான், ஓர் எழுத்தாகக் குறுகிப் போனது என்பது தவிர. முருகேசனுடைய மகனுக்கு முருகேசன் என்பதும் முருகேசனுக்கு வேலாயுதம் என்பதுமாக ஒரே வீட்டில் குடும்பப் பெயர் வேறுபடும், குடும்ப ஸ்பான்சர் ஃபைலில் கேள்வி வரும் என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறோம். அந்தக் கேள்விக்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி விடை சொல்ல முடியும்.

இனி நாம் எழுதப் புகுவது, நம் மனத்தை உறுத்திவரும் ஒரு விஷயம். 2022 நவம்பர் கடைசி வாரத்திலிருந்து, தமிழ்நாட்டிலும் வளைகுடாவிலும் உள்ள சில அலுவலகங்களில் கட்சிக்காரருக்குச் சொல்லப்படும் யோசனை யாதெனில், "உங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் ஏதாவது பட்டம் இருந்திருக்குமே, அதைப் போட்டுவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயராய்ப் போகும், ஃபைல் சுத்தமாயிருக்கும்" என்பதே. ஃபைல் சுத்தமாயிருக்கும் என்பது உண்மை. அந்தச் சுத்தம் எதைக் கொடுத்து வாங்கப்படுகிறது என்பதை இந்த யோசனை சொல்பவர்கள் ஒரு கணமேனும் நினைத்துப் பார்த்திருப்பார்களா?

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே ஜாதிப் பட்டம் இடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. பெரியார் தம் பெயரின் பின்னிருந்ததையும் உதறினார். அந்நாளில் தொடங்கிய ஒழுக்கம் இரண்டு மூன்று தலைமுறைகளில் கட்சி வேறுபாடின்றித் தமிழ்நாடெங்கும் பரவி, இன்று பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தாலும் எந்தப் பிள்ளை எந்த ஜாதி என்று பெயரைக்கொண்டு சொல்ல இயலாதபடி செய்திருக்கிறது. இந்தியாவின் பல பிரதேசங்களில் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே ஜாதியை அறிந்துகொள்ளும் வழக்கம் நீடித்திருக்க, நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வரி வெறுமையாயிருப்பது கவனக்குறைவாலோ கல்வியின்மையாலோ அன்று. அங்கே எழுதப்படக்கூடியது எதுவோ அதை எழுதுவதில்லை என்று நம் முன்னோர் மனமறிந்து முடிவு செய்ததால் வந்த வெறுமை அது. ஒரு சமூகம் தொண்ணூறு ஆண்டுகளாகப் பேணிவந்த அந்த முடிவை, ஏதோ ஒரு கணினித் திரையில் நட்சத்திரக் குறியிட்ட கட்டம் ஒன்று ஒரு மாலைப் பொழுதில் அழித்துவிடுமானால், அதற்குக் கை கொடுத்தவர்கள் என்ற பழி நம் தொழிலுக்கு வர வேண்டாம். வருமான வரிக்காகவோ வங்கிக்காகவோ ஏறும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ரெசிடென்ஸ் ஃபைலில் ஏறிய பெயரோ அமீரகத்தில் பிறக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இறங்கி, அங்கிருந்து அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கும் பட்டத்துக்கும் சென்று, தாத்தா விட்டதைப் பேரன் தான் அறியாமலே சுமக்கும்படி செய்துவிடும். ஜாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக இடும்படி எவருக்கும் யோசனை சொல்லாதீர்கள். கட்சிக்காரர் தாமே கேட்டாலும், தந்தை பெயர் என்னும் வழி இருக்கிறது என்பதைச் சொல்லிய பிறகே எழுதுங்கள்.

விதியைப் போட்டவர்கள் மேல் மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. தன் எல்லைக்குள் வருபவர் இன்னார் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. நாம் கேட்பது நம்மவர்களை. எந்திரம் வாசிக்கும் பாஸ்போர்ட்டுக்கென சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்திருக்கும் 9303ஆம் ஆவணம், பெயரை இரண்டாகப் பிரிக்க இயலாதவிடத்து முழுப் பெயரையும் முதல் அடையாளமாகவே கொள்ளலாம் என்று தெளிவாக இடம் வைத்திருக்கிறது. எந்திரம் வாசிக்கும், 44 எழுத்துக்கள் கொண்ட வரியில் பெயருக்கு ஒதுக்கிய 39 இடங்களில் எஞ்சியவற்றை நிரப்புக் குறிகளால் நிறைத்துவிட்டால் பாஸ்போர்ட் குறைவற்றதாகும். இந்தியாவும் அமீரகமும் அந்நிறுவனத்தின் அங்கத்தினர்கள். இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் குடும்பப் பெயர் கட்டாயமன்று. தன் சொந்த விதிப்படி, சர்வதேச விதிக்கும் பொருந்த, தானே அச்சிட்டுக் கொடுத்த பாஸ்போர்ட்டைக் குறையுள்ளதென்று பிறர் சொல்லும்போது, இது குறையுள்ளதன்று என்று எடுத்துரைக்க வேண்டியது நம் வெளியுறவு அமைச்சகம். அத்தகைய அறிக்கை எதுவும் இதுகாறும் நம் கண்ணில் படவில்லை. சுற்றறிக்கை விமான நிறுவனங்களின் வாய்வழியாக வந்தது. தளர்வும் அவ்வழியாகவே வந்தது. பிரஜைக்கும் அவனுடைய பெயருக்கும் நடுவே நிற்க வேண்டிய சர்க்கார் எங்கே நின்றது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இந்த அலட்சியம் புதிதன்று. 2018 ஜனவரியில் இதே அமைச்சகம், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை இனி அச்சிடுவதில்லையென்றும், வேலைக்காக வெளிநாடு செல்ல அரசின் அனுமதி வேண்டியிருக்கும் ஈ.சி.ஆர். பிரிவினருக்கு ஆரஞ்சு நிற உறையிட்ட பாஸ்போர்ட் கொடுப்பதென்றும் முடிவு செய்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அம்மாதம் 30ஆம் தேதி அதைக் கைவிட்டது. அப்போது விவாதமெல்லாம் நிறத்தைப் பற்றியே எழுந்தது; பள்ளிப் படிப்பை முடிக்காத கூலித் தொழிலாளியை நிறத்தால் பிரித்துக் காட்டுவது இழிவு என்ற கண்டனம் முற்றிலும் நியாயமானதே. ஆனால் கடைசிப் பக்கம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது இன்றல்லவா புலப்படுகிறது! தந்தை பெயர் அச்சான அந்தப் பக்கத்தை நம்பித்தான் 2022 நவம்பர் மாதத் தளர்வே நிற்கிறது. அமைச்சகம் அன்று நினைத்தபடி நடந்திருக்குமானால், ஒற்றைப் பெயருடைய தமிழர் ஒவ்வொருவரும் இன்று விமான நிலைய வாசலில் நிற்பார். பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்தக் கட்டம் கட்டாயமாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறைகளில், தலைப்பெழுத்தோடு வளர்ந்த ஒருவரும் அமர்ந்திருப்பதில்லை போலும். அமர்ந்திருந்தால் அவர் சொல்லும் வார்த்தை அம்பலம் ஏறுவதில்லை போலும்.

ஒற்றைப் பெயர் வழக்கமுள்ள மற்றொரு பெரிய நாடாகிய இந்தோனேசியா, தன் உள்துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு 73ஆம் விதியால், இனிப் பதிவாகும் பெயருக்குக் குறைந்தது இரண்டு சொல் வேண்டுமென்று தானே சட்டமாக்கிக்கொண்டது. சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரோடு ஆண்ட நாடு அது. அவ்வழியை நாம் பின்பற்றத் தேவையில்லை என்பது நம் உறுதியான எண்ணம். ஒற்றைப் பெயரைப் பதிவதற்கு ஒரு பொது முறையை வகுத்து, குடும்பப் பெயர் இல்லாதவிடத்துத் தந்தை பெயரை ஏற்பதென்று வளைகுடா நாடுகளோடு எழுத்துமூலம் உடன்பட்டு, அதை விமான நிறுவனங்களுக்கு அமைச்சகமே நேரில் அறிவிக்குமானால், முருகேசன் ஒரே முருகேசனாக இருந்துவிடுவார்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மாதம் முதல் உங்கள் மேசைக்கு வரும் ஒற்றைப் பெயர் ஃபைல் ஒவ்வொன்றிலும், எந்தப் படியில் யார் எந்தத் திருத்தம் கேட்டார்கள், அதற்கு எத்தனை நாள் பிடித்தது, எவ்வளவு செலவாயிற்று, இரட்டைப் பெயரோ ஜாதிப் பட்டமோ இடும்படி எவரேனும் சொன்னார்களா என்பவற்றை, கட்சிக்காரரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் நீக்கி, ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்பிவையுங்கள். மார்ச் இதழுக்குள் அவற்றைத் தொகுத்து, அமைச்சகத்துக்கும் அபுதாபித் தூதரகத்துக்கும் விண்ணப்பமாக்கி அனுப்ப உத்தேசித்திருக்கிறோம். மெடிக்கல் முடிந்த பின் பெயர் மாறி நின்றுபோன ஃபைல்களை முதலில் அனுப்புங்கள்.