மழைக்காலம் நீங்கலாக ஒரு கழிமுகம்

நெய்தல் நிலத்தைப் பேசும் சங்கப் பாடல்களில் கழி என்னும் சொல்லைக் காணாமல் நெடுந்தூரம் செல்லவியலாது. இன்றைய ஆய்வறிக்கைகளிலும் கழி உண்டு. ஆனால் அட்டவணையின் ஒற்றை வரியாக. உப்பு இவ்வளவு, அமில காரக் குறியீடு இவ்வளவு, கரைந்த உயிர்வளி இவ்வளவு. அந்த ஒற்றை வரியின் மீதே எங்களுக்கு ஐயம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேயே இருப்பதால் பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்டுவரும் நீர் அது. கோடையில் நன்னீர் வரத்து ஏறக்குறைய நின்றுவிட, கழிமுகத்தின் உப்பு கடலின் அளவை, அதாவது கிலோவுக்குச் சுமார் 35 கிராமை, நெருங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடத்தில் உப்பு வெகுவாகச் சரிகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் அது எந்தப் பருவத்தையும் சொல்லாது.

உயிர்வளியும் அப்படியே. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் கொள்ளும், கடல்நீர் 6.2 அளவே. ஆகவே 6 என்னும் எண் உப்புநீரில் நிறைவு, நன்னீரில் குறை. வெப்பமும் உப்பும் உடன் எழுதப்படாத 6 வெறும் 6தான்.

சிலிகேட்டின் கதை இன்னும் சுவையானது. பாறை சிதைந்து ஆற்றோடு வருவது அது; உப்பு ஏற ஏறக் குறையும். இரண்டையும் வரைபடத்தில் இட்டால், வெறும் கலப்பு மட்டுமே நிகழ்ந்திருக்கும் நீரில் நேர்கோடு கிடைக்கும். புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் அதை உண்டிருக்கக்கூடும். நைட்ரேட்டுக்கு இவ்வாறே கோடு வரைந்து, புள்ளிகள் மேலே எழுந்தால் வழியில் எங்கோ சாக்கடையோ வயல் உரமோ சேர்கிறதா என்று தேட வேண்டும். ஆறு ஓடாத கோடையிலோ அக்கோட்டுக்கு ஒரு முனையே இல்லை.

நம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளில் பல திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத் தரவே கேட்கப்படுகிறது. மழை காற்றைக் கழுவிவிடும் என்பதால் காற்றின் தரத்துக்கு இவ்விலக்கு பொருந்தலாம். கழிமுகத்தில் அது ஆற்றையே விலக்கிவிடுகிறது. சுரங்கத் திட்டங்களுக்கான மாதிரி நிபந்தனைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மழைக்குப் பிந்தைய பருவம்’ எனக் குறிக்கப்பட்டுள்ளதைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா? தில்லியின் நாட்காட்டிக்கு அது சரி. கடலூர் மாவட்டத்தில் அதுதானே மழை!

துறைமுகமோ அனல்மின் நிலையமோ கழிமுகத்தருகே வரவிருக்கையில், கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும், ஏற்றத்திலும் வற்றத்திலும் மாதிரி எடுக்கச் சொல்வது மிகையான கோரிக்கை அன்று. வெள்ளத்தில் நன்னீர் மேலே ஓட, கடல்நீர் ஆப்புபோல அடியில் நுழைவதுண்டு. வாளியில் மொண்டது மேல்நீர் மட்டுமே. அடிநீரையும் எடுத்து, எடுத்த நேரத்தையும் ஆழத்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும் மீனவர் அதைப் படித்து, அந்த நேரத்து நீர் எப்படியிருக்கும் என்று எதிர்க்கேள்வி கேட்க அப்போதுதான் இயலும்.