டீ-ஷர்ட்டில் ஒரு வரி... நாடாளுமன்றம் முதல் வாக்குச்சாவடி வரை ஏன் இத்தனை பரபரப்பு?

2025 மார்ச் 20 அன்று தி.மு.க. எம்.பி.க்கள் வாசகம் அச்சிட்ட டீ-ஷர்ட் அணிந்து மக்களவைக்கு வந்தார்கள். தொகுதி மறுவரையறை நியாயமாக நடக்க வேண்டும், தமிழ்நாடு போராடும், வெல்லும் என்பதுதான் அந்த வாசகங்களின் சாரம். சபாநாயகர் ஓம் பிர்லா, வெளியே போய் உடையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். எம்.பி.க்கள் மறுத்தார்கள். அவை ஒத்திவைக்கப்பட்டது.

டீ-ஷர்ட் என்பது சும்மா ஒரு ஃபேஷன்தானே, அதற்கு ஏன் அவையையே ஒத்திவைக்கணும் என்று தோன்றலாம். ஆனால் அதில் நாலு வார்த்தை ஏறிவிட்டால் கதையே வேறு.

பதாகை இருக்கும்போது டீ-ஷர்ட் எதுக்கு?

பதாகையைக் கீழே வைக்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் காவலர்கள் வாங்கிக்கொள்ளலாம். உடம்பில் இருக்கும் சட்டையை அப்படிக் கழற்ற முடியாது. போட்டிருப்பவரையே வெளியே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் அதுவே செய்தியாகிவிடும்.

இன்னொரு காரணம் கேமரா. முகமும் வாசகமும் ஒரே படத்தில் வந்துவிடும். முகத்தை மட்டும் காட்டி வாசகத்தைத் தவிர்ப்பது சுலபமில்லை.

இது எப்போ ஆரம்பித்தது?

தேர்தலுக்காக டீ-ஷர்ட்டில் வாசகம் அச்சிடுவது 1948-லேயே இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட தாமஸ் டூயிக்காக அச்சிட்ட டீ-ஷர்ட் இன்றும் அங்குள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் டீ-ஷர்ட்டை எதிர்ப்பின் அடையாளமாக உலகம் பார்த்தது 1984-ல். பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆடை வடிவமைப்பாளர்களுக்கு வரவேற்பு கொடுத்தார். அதற்கு வந்த கேத்தரின் ஹேம்னட், கோட்டைத் திறந்து உள்ளே இருந்த டீ-ஷர்ட்டைக் காட்டினார். '58% பேருக்கு பெர்ஷிங் வேண்டாம்' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. பெர்ஷிங் என்பது ஐரோப்பாவில் அமெரிக்கா நிறுத்திய அணு ஏவுகணை. பிரதமர் கைகுலுக்கும் அந்தப் படம் இன்றைக்கும் பேசப்படுகிறது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

2020 ஆகஸ்ட்டில் சென்னை விமான நிலையத்தில் தனக்கு இந்தி தெரியாது என்று சொன்னபோது, 'நீங்கள் இந்தியரா' என்று பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கேட்டதாக கனிமொழி எம்.பி. ட்விட்டரில் பதிவிட்டார். புதிய கல்விக் கொள்கையின் மும்மொழித் திட்டம் பற்றிய விவாதமும் அப்போது சூடாக இருந்தது.

அடுத்த மாதம் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் டீ-ஷர்ட்டோடு நின்ற படம் வைரலானது. ஒன்றில் தமிழ் பேசும் இந்தியன் என்ற வாசகம், இன்னொன்றில் 'இந்தி தெரியாது போடா'. அது அப்படியே ஹேஷ்டேக் ஆனது. திருப்பூரில் ஆர்டர்கள் குவிந்தன. பதிலுக்கு 'திமுக வேணாம் போடா' என்று எதிர்த் தரப்பும் டிரெண்ட் செய்தது.

கவனிக்க வேண்டியது அந்த 'போடா'தான். மேடைத் தமிழில் பல பத்தி எழுத வேண்டிய விஷயத்தைத் தெருவில் பேசும் ஒரு சொல் முடித்துவிட்டது. அதே சொல்லை எதிர்த் தரப்பும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

இவ்வளவு வேகமாக எப்படி வருகிறது?

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சட்டம் செய்யணும். அதனால் மொத்தமாக அடித்தால்தான் கட்டுப்படியாகும். இப்போது டிஜிட்டல் பிரிண்டிங்கில் கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனை நேரடியாகத் துணியில் அடிக்கலாம். ஒரே ஒரு டீ-ஷர்ட் வேண்டுமென்றாலும் கிடைக்கும். காலையில் கிளம்பும் சர்ச்சை மாலைக்குள் சட்டையில் ஏறிவிடுவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

கருத்துச் சுதந்திரத்தைத் தருவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு. திருநங்கைகள், திருநம்பிகள் உரிமை தொடர்பான 2014-ம் ஆண்டு தீர்ப்பில், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடை மூலம் வெளிப்படுத்துவதும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்த உரிமைக்கு 19(2) பிரிவு நியாயமான வரம்புகளை அனுமதிக்கிறது.

இடத்தைப் பொறுத்தும் விதி மாறும். அவைக்குள் கொடி, சின்னம், காட்சிப் பொருள் எதையும் காட்டக் கூடாது என்கிறது மக்களவையின் 349-வது விதி.

வாக்காளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-வது பிரிவுப்படி, வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் ஓட்டுக் கேட்பது குற்றம். தேர்தல் தொடர்பான அடையாளங்களைக் காட்டுவதும் அப்படித்தான். அபராதம் 250 ரூபாய் வரை. கட்சிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டோடு ஓட்டுப் போடப் போனால் சிக்கல் வரலாம்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை நீதிமன்றம் ஏறியது. மினசோட்டா மாநிலம் வாக்குச்சாவடியில் 'அரசியல்' உடைகளுக்குத் தடை விதித்திருந்தது. 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கட்டுப்பாடு வைக்கலாம், ஆனால் எது அரசியல் என்று தெளிவாக வரையறுக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எல்லாரும் போட்டால் என்ன ஆகும்?

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் பெண்ணியக் கட்டுரை ஒன்றின் தலைப்பை டியோர் நிறுவனம் டீ-ஷர்ட்டில் அச்சிட்டது. 2017-ல் கடைக்கு வந்த அதன் விலை 710 டாலர். பெண்களின் சமத்துவத்தைப் பேசும் சட்டையை எத்தனை பெண்களால் வாங்க முடியும் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

வாசக டீ-ஷர்ட்டின் பலவீனம் இதுதான். விற்பனைக்கு வந்ததும் அதைப் போட எந்தத் துணிச்சலும் தேவையில்லை, காசு இருந்தால் போதும். ஹேம்னட் அதை அணிந்து நின்றது பிரதமர் முன்னால். எம்.பி.க்கள் அணிந்தது சபாநாயகர் முன்னால். அதே சட்டையைத் துணிக்கடை ஹேங்கரில் பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கே, யார் முன்னால் அணிகிறோம் என்பதில்தான் அந்த ஒரு வரியின் பலம் இருக்கிறது.