முட்டையும் ஆப்சென்ட்டும்

பரீட்சை எழுதி முட்டை வாங்கியவனும், பரீட்சைக்கே வராதவனும் ஒன்றா? ஆப்சென்ட் என்று போட வேண்டிய இடத்தில் சைபர் போட்டு, வகுப்பு சராசரி எடுக்கும் வாத்தியாரை நீங்கள் சும்மா விடுவீர்களா? கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். யாரும் கேட்பதில்லை.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி, பூமியின் மேடு பள்ளத்தை ரேடாரால் அளந்தது. செங்குத்தான மலைகளில் ரேடார் அலை எட்டாத நிழல் மூலைகள் உண்டு. அங்கே அளவு கிடைக்கவில்லை. யோக்கியமாக மைனஸ் 32768 என்று எழுதி வைத்தார்கள். 'தெரியாது' என்பதற்கான சங்கேதம் அது.

இப்படிக் கட்டம் கட்டமாக உள்ள தகவலுக்கு ராஸ்டர் என்று பெயர். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிடம் 'இந்த எண் வந்தால் தகவல் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். அந்தக் கட்டத்தின் உயரம் கேட்டால் 'நல்' என்று பதில் வரும். சராசரியில் அதை ஒதுக்கிவிடும்.

நாலு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் 98, 100, 102 மீட்டர். நாலாவது காலி. சொல்லி வைத்திருந்தால் சராசரி 100. சொல்ல மறந்தால் மைனஸ் 8117! பரவாயில்லை, குழந்தைகூட சிரிக்கும், தப்பு மாட்டிக்கொள்ளும். நம்ம ஆள் என்ன செய்கிறார்? 'நல்' வந்தால் ரிப்போர்ட் அசிங்கமாக இருக்கிறதாம். 'கோயலெஸ்' என்று ஒரு ஃபங்ஷன் போட்டு சைபராக்கிவிடுகிறார். சராசரி 75. பார்க்க எவ்வளவு லட்சணம்! சைபர் மீட்டர் என்றால் கடல் மட்டம் சார். மலைச்சரிவில் கடலைக் கொண்டுவந்தாச்சு. அந்த 75 எந்த ஆடிட்டர் கண்ணிலும் படாது.

'காலி இடம் இருந்தால் கிளையன்ட் திட்டுவார்' என்பது வழக்கமான சாக்கு. 2003 மே 31 அன்று லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளில் ஸ்கேன் வரிகளை நேர்செய்யும் கருவி பழுதானது. அதற்குப்பின் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடு கோடாகக் காலி. ஒளித்தார்களா? எங்கெங்கே காலி என்று காட்டும் கோப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போடு, இஷ்டத்துக்கு எழுதாதே என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் கட்டங்களை வைத்து ஊகித்து நிரப்புங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஊகம் என்று எழுதிவிட்டு நிரப்புங்கள்.

அடுத்த முறை யாராவது உங்கள் ஊருக்குச் சராசரி மழை, சராசரி உயரம் என்று வண்ணப்படத்தை நீட்டினால், 'எத்தனை கட்டத்தை எண்ணினீர்கள்?' என்று கேளுங்கள். மென்பொருள் சராசரியோடு அந்த எண்ணிக்கையையும் சேர்த்தே தருகிறது. ரிப்போர்ட்டில் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.