சுவரில் பறவை, ஏரியில்?

ஊர் நூலகத்தில் மேஜை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, சுவர் நெடுகப் பறவைப் படங்களை மாட்டிவைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் விடுமுறை நாட்களில் ஏரிக்கரையில் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. பத்திரிகை படிக்க வந்த பெரியவரும், பரீட்சைக்குப் படிக்க வந்த இளைஞரும் சற்று நின்று பார்க்கிறார்கள். "இது நம் ஊரிலா இருக்கிறது?" என்ற வியப்பு எழாமல் இருப்பதில்லை.

அந்த வியப்பு இத்தகைய கண்காட்சிகளின் முதற்பயன். ஆயினும் அத்துடன் நின்றுவிட்டால் போதுமா? அந்தப் பறவை அடுத்த ஆண்டும் வருமா என்பதல்லவா பெரிய கேள்வி!

தொட்டிலும் அடுக்களையும்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல், காமிராவுடன் செல்வோர் தவறவிடாத இடம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா முதலியவை கூடு கட்டுகின்றன. படங்களில் காண்பது இதைத்தான்.

படத்தில் விழாத பகுதி வேறு. குஞ்சுகளுக்கு வேண்டிய இரை முழுவதும் இந்தச் சிறிய ஏரியில் கிடைத்துவிடாது. நத்தையும் மீனும் தவளையும் தேடித் தாய்ப்பறவைகள் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பறந்து செல்கின்றன. ஏரி தொட்டில் என்றால், அடுக்களை வெளியே இருக்கிறது.

1998ஆம் ஆண்டு அறிவிப்பு, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியையும் சரணாலயத்தில் சேர்த்தது. 2020இல் அந்த எல்லையைக் குறைக்கும் யோசனை வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. யோசனை பின்னர் கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. எனினும், "பறவை ஏரியில்தானே இருக்கிறது, வெளி நிலம் எதற்கு?" என்ற கேள்வி மீண்டும் எழாது என்று கூற முடியாது. கூட்டை மட்டும் காட்டும் படம் அதற்கு விடை கூறாது.

ஊரார் கண்ட உண்மை

காமிராவே இல்லாத காலத்தில் இவ்வூரார் விடையை அறிந்திருந்தனர். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். வேட்டையாட வந்தவர்களைத் தடுக்க, கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், 1798இல், உரிமைச் சீட்டே பெற்றார்கள். பறவையையும் வயலையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

படமும் எழுத்தும்

இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அதோடு அமையாமல், ஆங்கிலத்திலும் தமிழிலும் இடைவிடாது எழுதினார். படம் கண்ணை நிறுத்தும். எழுத்துத்தான் காரணத்தை விளக்கும். அவ்விரண்டும் கூடுவதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஆகவே, ஒவ்வொரு படத்தின் கீழும் பறவையின் பெயர், எடுத்த மாதம், அதன் இரை ஆகியவற்றைக் குறிப்பது நலம். பக்கத்தில் ஊரின் ஏரி, குளம், வயல்களைக் காட்டும் வரைபடம் ஒன்று தொங்கட்டும். கண்காட்சி முடிந்ததும் படங்களின் பிரதிகள் நூலகத்திலேயே தங்கட்டும். இருபது ஆண்டுகள் கழித்து, எந்தப் பறவை வந்தது, எது வராமற்போயிற்று என்பதற்கு அவையே சாட்சி.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நல்ல படத்துக்காகக் கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். அரிய பறவையின் கூடு எங்கே என்பதை வெளியிடாமலிருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர், தம் ஊர் ஏரியில் குப்பை கொட்டுவதைக் கண்டு ஒரு வார்த்தை கேட்டால், கண்காட்சி வெற்றி பெற்றது எனலாம்.