திரும்பிப் போகும் பணம் யாருடையது?

பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்பிப் போனது என்ற செய்தியை வருடம் தவறாமல் படிக்கிறோம். கோபப்படுகிறோம், பகிர்கிறோம், அடுத்த மார்ச் வரை மறந்துவிடுகிறோம். அந்த நிதியைக் கேட்கும் கோப்பை யார், எந்த மாதம் எழுதினார்கள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. சாதி அந்தக் கோப்பில்தான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது என்பது என் வாதம்.

மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியைத் தனியே ஒதுக்கும் முறை 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டமாகத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். ஆக, ஐந்தில் ஒரு பங்கு நமக்கு வர வேண்டும். காகிதத்தில் வருகிறது. சேரிக்குள் வருவதற்குள் கரைகிறது.

எப்படிக் கரைகிறது? ஒன்றிய அரசின் மானியம் பெரும்பாலும் தவணைகளாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது கிடைக்கும். ஏப்ரலிலேயே மதிப்பீடு தயாராக இருந்து, நிலம் புறம்போக்கா பட்டாவா என்பது தெளிவாகி இருந்தால் வேலை ஓடும். ஜனவரியில்தான் டெண்டர் என்றால் மார்ச் 31க்குள் எந்தச் சாக்கடையும் முடியாது. கடைசி மாதங்களில் அள்ளிச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு எதிரானது என்று ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. ஊர்த்தெருவுக்கான வேலை இப்படி நின்றால் கேட்க ஆள் உண்டு. காலனித் தெருவுக்கு யார் கேட்பது?

சட்டம் வந்தால் போதும் என்று நம்பவும் முடியவில்லை. கர்நாடகத்தில் 2013இலிருந்தே இதற்குத் தனிச்சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2023இல் 11,000 கோடி ரூபாய்க்கு மேல் துணைத்திட்ட நிதியை உத்தரவாதத் திட்டங்களுக்குக் கணக்கு எழுதினார்கள். பயனாளிகளில் அந்த மக்களும் உண்டே என்பது அவர்கள் சொன்ன சமாதானம். எல்லோருக்கும் கிடைப்பதை நம் பங்கில் கழிப்பது என்ன நியாயம்? தெலங்கானா 2017 சட்டத்தில், செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழி செய்தது. தமிழ்நாடும் 2024இல் சட்டம் இயற்றிவிட்டது. அதை ஊராட்சி மட்டத்தில் இயங்க வைப்பது நம் கையிலும் இருக்கிறது.

நான் இருப்பது குருவிகுளம் பக்கம். சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி, தென்காசி நாடாளுமன்றத் தொகுதி இரண்டுமே தனித்தொகுதிகள். ஆள் அனுப்பும் உரிமை வந்துவிட்டது, கணக்குக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அவற்றை ஒரு நிதி நாள்காட்டியாக மாற்றலாம். நவம்பர் 1, ஜனவரி 26 கூட்டங்களில் தெருவாரியாக, சர்வே எண்ணோடு, தேவைகளைத் தீர்மானமாக்குவோம். மார்ச் 22இல் மதிப்பீடு தயாரா என்று கேட்போம். மே 1இல், எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பினீர்கள் என்று கேட்போம். ஆகஸ்ட் 15இல் முதல் தவணையைப் பற்றியும், அக்டோபர் 2இல் பயன்பாட்டுச் சான்றிதழைப் பற்றியும் கேட்போம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் எளியவைதான். ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் இந்த நிதிக்கென்று பெயர் சொல்லி ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும். எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்பதை அலுவலகப் பலகையில் மாதம்தோறும் எழுதிப் போட வேண்டும். பணம் திரும்பிப் போனால் அதற்கான காரணத்தை அடுத்த கிராமசபையில் படிக்க வேண்டும்.

1925இல் அம்பேத்கர் வெளியிட்ட ஆய்வு நூல், பிரிட்டிஷ் இந்தியாவில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான நிதி உறவைப் பற்றியது. வரவு செலவை வரி வரியாகப் படித்தவர் அவர். அவர் படத்தைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் தோழர்கள், அடுத்த கிராமசபைக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.